ஆள் இல்லாத லயத்தில் ஒரு வேட்பாளர்

1

என் வீட்டுக்காரருக்குப் படையல் வைத்த அன்று சாயங்காலம், எதிர் லயத்தில் அவர் இருமினார்.

அவர் இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. நினைவு நாளுக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் கறுப்புக் காப்பியும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, காக்கைக்குப் போடலாம் என்று இலையோடு வெளியே வந்தேன். எதிர் லயத்தில் ஆள் குடியிருந்து வெகுகாலம் ஆயிற்று. தோட்டத்து வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டியிருப்பதை இங்கே லயம் என்பார்கள். அந்த லயத்தில் தகரக் கூரை பாதி பறந்துபோய், வீட்டுக்குள்ளேயே பப்பாளி முளைத்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அங்கேயிருந்து முதலில் தொண்டையைச் செருமுகிற சத்தம். பிறகு இருமல். பிறகு பேச்சு.

“அதெல்லாம் சரி புள்ள. தண்ணி வந்தா எங்கள என்னா பண்ணப் போற?”

இப்படித்தான் அவர் பேசுவார். சங்கக் கூட்டமோ கோயில் கூட்டமோ, எல்லாரும் பேசி முடித்துக் கைதட்டின பிறகு கடைசி ஆளாக எழுந்து, இருமிவிட்டு, “அதெல்லாம் சரி” என்று ஆரம்பிப்பார். மேடையில் இருப்பவர்களுக்கு வேர்த்துவிடும்.

நான் அசையவில்லை. அடுத்த வீட்டிலிருந்து இன்னொரு குரல், கிழவிக் குரல்: “பஸ்ஸு வருமா வராதா, அத மொதல்ல சொல்லு!” அது மேட்டு லயத்து ராக்கம்மா. அவள் மகளோடு தங்காக் என்கிற ஊருக்குப் போய் அங்கேயே செத்துப்போனவள்.

இலை கையிலிருந்து நழுவிவிட்டது. சத்தம் கேட்டு, உடைந்த கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வந்தாள். கால்சட்டை, சப்பாத்து, கையில் போன். என்னைப் பார்த்ததும் அவள் முகமும் வெளுத்துப்போயிற்று.

“அத்தே... நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?”

பேயைப் பார்த்துக் கேட்கிற மாதிரியே கேட்டாள்.

2

அவள் பரிமளா. என்னோடு, எண்ணெய்க்குப் பயிராகும் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கிய அஞ்சலையின் மகள். நன்றாகப் படித்து ஜொகூர் பாருவில் வக்கீலாக இருக்கிறாள். இந்த முறை மாநிலச் சட்டமன்றத்துக்கு எங்கள் தொகுதியில் நிற்கிறாள். அஞ்சலையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆற்றோரத்தில் இருக்கிற எங்கள் தோட்டத்து இடுகாட்டில், என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில்தான் அவள் படுத்திருக்கிறாள்.

உட்கார வைத்துக் காப்பி கொடுத்தேன்.

“செத்தவங்க மாதிரி எதுக்கும்மா பேசுற?”

“கேள்வி கேக்க ஆள் வேணுமே அத்தே. டவுன்ல நான் வாயத் தொறந்தா போன்ல புடிக்கிறாங்க. தப்பா ஒரு வார்த்த சொன்னா சாயங்காலத்துக்குள்ள கோத்தா திங்கி பூரா ஓடுது. இங்கன்னா தப்பா பேசிப் பழகலாம்.” காப்பியை ஊதினாள். “சின்னையா மாமா கேக்கற மாதிரி யாரு கேப்பா? அவருக்குப் பதில் சொல்லிட்டா யாருக்கு வேணும்னாலும் சொல்லிறலாம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் வீட்டுக்காரரை நினைத்துச் சிரித்து எவ்வளவு காலம்!

அதிலிருந்து தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு அவள் கார் வரும். செம்பனைக்குள்ளே எங்கள் பக்கம் சீக்கிரம் இருட்டும். நான் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். அவள் காலி வீடுகளின் முன்னால் நின்று தன் கொள்கைகளைச் சொல்வாள். இடையிடையே ஓடிப்போய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் புகுந்து, அந்த வீட்டில் இருந்தவர் குரலில் கேள்வி கேட்டுவிட்டு வருவாள்.

அதற்குள் அவள் கட்சி ஆட்கள் வந்து, காலி வீட்டுக் கதவுகளில் எல்லாம் அவள் படத்தை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். இந்த விலாசத்தில் இன்னும் ஓட்டு இருக்கிறதாம். ஆளைத்தான் காணோம். அந்தி வெளிச்சத்தில் கதவுக்குக் கதவு ஒரே முகம் சிரித்துக்கொண்டிருக்கும். அதன் முன்னால் அதே முகம் உயிரோடு நின்று பேசும். தோட்டத்து நாய்கள் குரைக்காமல் உட்கார்ந்து, அவள் நின்ற பக்கம் பார்க்காமல் வீடுகளின் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கும். அதைப் பார்க்கிறபோது மட்டும் எனக்கு முதுகு சில்லிடும்.

மகனிடம் போனில் சொன்னேன். அவன் உலு திராமில் இருந்துகொண்டு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன். விடியுமுன் கிளம்பினால்தான் பாலம் தாண்டலாம்.

“அலமாக்! ஒய்பி ஆகப்போறவங்களுக்கே காப்பியா? எங்க ரோட்டுக் குழியப் பத்திக் கேளுங்கம்மா.” சட்டமன்ற உறுப்பினரை இங்கே ஒய்பி என்பார்கள்.

“அவ இந்தத் தொகுதிடா.”

“அப்ப நீங்க எங்க தொகுதிக்கு வந்திருங்க லா. தனியா பேய் பங்களாவுல கெடக்கறீங்க.”

எப்போது பேசினாலும் அங்கேதான் வந்து முடிப்பான். தோட்டத்தை விற்றாகிவிட்டது. மற்றவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான் போகாததற்குக் காரணம் ஆற்றோரத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒரு விளக்கு, அவ்வளவுதான். அதை மகனிடம் சொன்னால் பேச்சை மாற்றுவான். பேரன் என்றால் நான் சொல்வதற்கெல்லாம், பாதி புரியாமலே, தலையாட்டுவான். என்ன சொன்னேன் என்று மருமகள் கேட்டால் தோளைக் குலுக்குவான்.

3

முசிறியில் நம்ம ஊர்ச் சங்க மலருக்கு இதை எழுதித் தரச் சொல்லி அங்கேயிருந்து என் தம்பி மகள் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது என்றுதான் சொன்னேன். முசிறிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலேறி வந்தவள் நான். ஆயுசில் முக்கால் பங்கு இந்த நாட்டில் போய்விட்டது. ஆனாலும் எனக்கு இங்கே ஓட்டு இல்லை. குடியுரிமை உள்ளவர்களுக்கு நீல அடையாள அட்டை. எனக்கு இன்னும் சிவப்பு.

ஒருமுறை நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா நல்லவள்தான். மலாயில் மெதுவாக, மாநிலத்தின் முதலமைச்சர் பெயர் என்ன என்று கேட்டாள். எனக்குத் தெரியும். முந்தின நாள் வரை சொல்லிப் பார்த்திருந்தேன். வாய் திறக்கவில்லை. “தெரியாதா, மக்சிக்?” என்று, அத்தை முறை வைத்து, இன்னொரு முறை கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், “சந்தையில வெண்டிக்காய்க்கு அந்தச் சண்டை போடுற, அங்க என்னா கேடு?” என்று திட்டிக்கொண்டே வந்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

நம்ம ஊரில் தேர்தல் என்றால் ஜீப் வரும், நோட்டீசைத் தூக்கிப் போடுவார்கள், பிள்ளைகள் பின்னாலேயே ஓடுவோம். நிற்கிறவர் என்ன செய்யப் போகிறார் என்று பெண்கள் யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அதனால்தான் பரிமளா பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. எனக்கென்று ஒரு வேட்பாளர் வீட்டு வாசலில் நின்று பேசுகிறாள், நான் ஒன்றும் கேட்க வேண்டியதில்லை, செத்தவர்களே எனக்காகக் கேட்கிறார்கள்.

டவுனுக்குச் சிறிய பஸ் விடச் சொல்லுவேன் என்றாள். தமிழ்ப்பள்ளி நிற்கிற நிலம் இன்னும் தோட்டக் கம்பெனி பேரில் இருக்கிறது, நிலம் மாநிலத்தின் கையில் உள்ள விஷயம், அதனால் பள்ளிக்கூடத்தின் பேருக்கு மாற்ற முடியும் என்றாள். தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு வாடகை வீடு அல்ல, சொந்த வீடு என்றாள். சிவப்பு அட்டைக் கிழவிகளுக்கு நீல அட்டை வாங்கித் தருவேன் என்று சொன்ன அன்றைக்கு, என் வீட்டுக்காரர் குரல் உள்ளேயிருந்து வந்தது.

“அதெல்லாம் சரி. அது உன் கையில இருக்கா?”

அவள் வெளியே வந்து, கொஞ்சம் நின்று, “இல்ல மாமா. அது கோலாலம்பூர் கையில. நான் இங்க நின்னு கத்தத்தான் முடியும்” என்றாள்.

அந்தப் பதிலுக்காகவே எனக்கு அவளை மிகவும் பிடித்தது.

இடுகாட்டைப் பற்றியும் சொன்னாள். எங்கள் பக்கம் ஆறு ஏறினால் முதலில் நிறைவது இடுகாடு, பிறகு கீழே இருக்கிற கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமம், பிறகு டவுன். இடுகாட்டுப் பள்ளத்தை இன்னும் ஆழமாக வெட்டி, வெள்ளத்தைத் தேக்குகிற குளமாக்க வேண்டும் என்று ஒரு பேச்சு ரொம்ப நாளாக நடக்கிறது. முதல் வாரத்தில் பரிமளா அடித்துச் சொன்னாள்: “எங்கம்மா படுத்திருக்கிற எடம். அதுல ஒருத்தரையும் கைவெக்க விடமாட்டேன்.”

அன்றைக்கு நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

4

அது ஒரே நாளில் மாறவில்லை. அதனால்தான் அதைச் சொல்வது கஷ்டம்.

ஒரு சாயங்காலம், “குடும்பங்களக் கலந்து பேசாம கைவெக்க விடமாட்டேன்” என்றாள். நல்லதுதானே என்று நினைத்தேன். அப்புறம், “மரியாதை கொறையாம பாத்துக்குவேன்” என்றாள். அப்புறம் ‘மேட்டு நிலம்’ என்ற சொல் வந்தது. கோத்தா திங்கி போகிற பாதையில் மேட்டில் ஒரு நிலம் இருக்கிறதாம். அங்கே எலும்புகளை எடுத்துப்போய் அடக்கம் செய்து, பேர் பொறித்துச் சுவர் எழுப்பலாமாம்.

அவள் பேச்சு மாறியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. கேள்வி கேட்கிறவர்கள் மாறினார்கள். பஸ்ஸுக்குச் சண்டை போட்ட ராக்கம்மா, “மேட்டுல காத்து நல்லா வரும்” என்று இதமாகச் சொன்னாள். ராக்கம்மா எங்கே, இதம் எங்கே? அவளுக்கு அடுத்த வீட்டிலிருந்து இருமல் கேட்டது. நான் கீரையை வைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன்.

“அதெல்லாம் சரி புள்ள,” என்றது என் வீட்டுக்காரர் குரல். “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்களுக்குச் சம்மதம்.”

என் கழுத்து மயிரெல்லாம் குத்திட்டு நின்றது. இதற்கு முன்னால் முதல் நாள் பயம் ஒன்றுமேயில்லை. செத்தவர் பேசினாலே பயம்தான். ஆனால் உயிரோடு இருந்தவரை எதற்குமே ‘சம்மதம்’ என்று சொல்லாத மனிதர், மண்ணுக்குள் போனபிறகு இன்னொருத்தி வாயால் சம்மதிக்கிறாரே, அந்தப் பயம் வேறு. வீட்டுக்கு வீடு தலைகள் அசைகிற மாதிரி எனக்குத் தோன்றியது. காற்றுக்குக் கதவுகள் ஆடியிருக்கும். கதவில் ஒட்டிய படங்கள் மழையில் ஊறி, சாயம் இறங்கி, கண் இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தன.

அவள் காருக்குப் போகும்போது, “அவர் அப்படிச் சொல்ல மாட்டார்மா” என்று சொல்ல நினைத்தேன். “பார்த்துப் போ” என்றுதான் வாயில் வந்தது.

5

இரண்டு நாள் கழித்து வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள்.

“அத்தே, மனசு கேக்கல. அம்மாகிட்ட உத்தரவு வாங்கணும். பூப் போட்டுப் பாக்கலாம், வாங்க.”

வெள்ளைப் பூ ஒன்றையும் சிவப்புப் பூ ஒன்றையும் தனித்தனியாக இலையில் மடித்து, சாமி முன் வைத்து, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வது நம்ம ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. எங்கள் அப்பா கிணறு வெட்டுகிறபோது நான்தான் எடுத்தேன். வெள்ளை வந்தது. தோண்டிக்கொண்டே போனார்கள், பாறைதான் வந்தது.

தோட்டத்தில் பிள்ளைகள் இல்லை. ஆகவே நான்.

இடுகாட்டில் புல் இடுப்பளவு. ஆற்றுத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் காரின் பின்பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாழையிலைத் துண்டில் இரண்டு பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். அஞ்சலையின் தலைமாட்டில் வைத்துச் சூடம் ஏற்றினாள். சூடம் நேராக எரிந்தது. இலை கூட அசையவில்லை. அப்படியொரு அமைதியை நான் அந்த இடத்தில் பார்த்ததில்லை. பூச்சிச் சத்தம்கூட இல்லை. யார்யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு என் கையையே பார்ப்பதுபோல இருந்தது.

எடுத்தேன். பிரித்தாள். நந்தியாவட்டை. வெள்ளை.

அவள் அழுதாள். “அம்மா குடுத்துட்டாங்க அத்தே” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக்கூடாது, ஆற்றில் விட வேண்டும். அவளுக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. “நீங்க விட்டுருங்க” என்று போய்விட்டாள்.

தண்ணீர் ஓரம் வரை போனேன். மனசு கேட்கவில்லை. பிரித்தேன்.

அதுவும் நந்தியாவட்டை.

என் வீட்டுக்காரர் படுத்திருந்த பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பூவை அப்படியே விட்டுவிட்டு, பின்னால் யாரோ எழுந்து உட்கார்ந்துவிட்ட மாதிரி வேகவேகமாக நடந்து வந்தேன்.

6

மறுநாள் காலையிலேயே அவள் வந்தாள். பசியாறக்கூட இல்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

“அத்தே, நேத்து நடந்தத ரெண்டு வார்த்த சொல்லுங்க. பூ வந்துச்சு, நீங்கதான் எடுத்தீங்க, பெரியவங்க உத்தரவு குடுத்துட்டாங்க. அவ்வளவுதான். ராத்திரி கூட்டத்துல போட்டுக் காட்டுவேன்.”

அந்தப் போனின் சின்னக் கண்ணைப் பார்த்ததும் நேர்காணல் மேசை ஞாபகம் வந்தது.

“வெக்கப்படாதீங்க. சொல்லுங்க.”

“ரெண்டும் வெள்ள” என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்து அணைத்தாள்.

“செவப்பு வந்திருந்தா நான் என்னா பண்ணுவேன் அத்தே? போன வெள்ளத்துல ஒதவிக்கு வந்தப்ப கம்பத்து மக் சுவ என்னால தூக்கிட்டு வர முடியல. படுத்த படுக்கை. நானும் ரெண்டு பேரும் கட்டிலோட தூக்கினோம். கதவு தாண்டல. தண்ணி வந்துருச்சு. அந்தக் குளம் இருந்திருந்தா அந்த வீட்டுக்குத் தண்ணி வந்திருக்காது. அத நான் பாத்தவ. ஆனா மேடையில போயி ‘செத்தவங்களத் தோண்டுறேன்’னு சொன்னா ஒரு தமிழன் எனக்குப் போடுவானா?”

மக் சு என்கிற அந்த மலாய்க்கார அம்மா எனக்கும் தெரிந்தவள். என்னிடம் முருங்கைக்கீரை வாங்கிக்கொண்டு, காசோடு ஒரு வாழைப்பழப் பலகாரமும் கொடுப்பாள். அவள் எப்படிச் செத்துப்போனாள் என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

எனக்கு எங்கிருந்து பேச்சு வந்தது என்று தெரியவில்லை.

“கொளம் வெட்டு. நான் வேணாங்கல. ஆனா அவங்க சொன்னாங்கன்னு சொல்லாத. நீ அவங்களக் கேக்கவே இல்ல.”

“கேட்டா பதில் வருமா அத்தே?”

“வராது. வராதுன்னு சொல்லு. முடிவு என்னோடதுன்னு சொல்லு.”

“தோத்துருவேன்.”

காப்பியை ஆற்றி வைத்தேன். குடிக்காமல் போனாள்.

7

அன்று ராத்திரி கூட்டத்துக்கு மகன் கூட்டிப் போனான். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பஸ்ஸுக்குக் கைதட்டல், பள்ளி நிலத்துக்குக் கைதட்டல். வீட்டுக்கு விசில்கூட அடித்தார்கள். பிறகு அவள் தண்ணீர் குடித்தாள்.

“தோட்டத்து இடுகாட்ட மேட்டுக்கு மாத்தி, அங்க வெள்ளக் கொளம் வெட்டணும்னு கேப்பேன். இதுக்கு யாரும் எனக்கு உத்தரவு குடுக்கல. எங்கம்மாவும் குடுக்கல. கேக்கவும் முடியாது. இது என் முடிவு.”

முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

“ஓட்டுக்காக உங்கம்மாவயே தோண்டப் போறியா?”

“ஆமாண்ணே. மொதல்ல எங்கம்மாவத்தான்.”

அவர் போய்விட்டார். அவரோடு இன்னும் சிலர். யாரும் கைதட்டவில்லை. கார் ஏறினதும் மகன், “முடிஞ்சிச்சு லா, தோத்தாச்சு” என்றான். எனக்கு ஓட்டு இருந்தால் அவளுக்குத்தான் போட்டிருப்பேன். என் வீட்டுக்காரரைத் தோண்டுகிறவளுக்கு. அதை நினைத்துக்கொண்டே வந்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஓட்டுப் போட இன்னும் நாள் இருக்கிறது. அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. பேசிப் பழகுகிற வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். பாதையில் காரும் இல்லை, ஆளும் இல்லை. நாய்கள் எழுந்து எதிர் லயத்தைப் பார்த்து நின்றன. செருமல் இல்லை, இருமல் இல்லை. ராத்திரி பாயில் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்கிற மாதிரி, எனக்கு மட்டும் கேட்கிற சன்னத்தில் என் வீட்டுக்காரர் குரல் வந்தது. பரிமளா ஒரு நாளும் கேட்டுப் பழகாத கேள்வி.

“அந்த மேட்டுல தண்ணி நிக்காதுல்ல?”

நிற்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததில்லை.

“தெரியலீங்க” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. “நாளைக்கு மகனக் கூட்டிக்கிட்டுப் போயி, நின்னு பாத்துட்டு வந்து சொல்றேன்.”